அமெரிக்க ஓட்டம், பிரிட்டிஷ் கூடு

1970களிலும் 80களிலும் பிரிட்டனில் மாதிரி ரயில் ஓட்டியவர்களுக்கு டீசல் இன்ஜினைப் பற்றி ஒரே குறைதான். ஹார்ன்பி, லிமா என்று கடையில் கிடைத்தவற்றின் கூடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஓட்டம்தான் சரிப்படாது. தட்டையான மோட்டாரை ஒரு முனையின் சக்கரச் சட்டத்துக்குள் அடக்கியிருப்பார்கள். இழுக்கும் பாரம் முழுவதும் அந்த முனையின் மேல்தான். வழுக்காமலிருக்கச் சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். ரப்பர் மாட்டிய சக்கரமோ தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காது. அதனால் மெதுவாக ஓட்டினால் திக்கித் திக்கி நின்றுவிடும்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஏதர்ன் நிறுவனம் நீல அட்டைப்பெட்டியில் விற்ற இன்ஜின்களின் அமைப்பு வேறு. நடுவில் மோட்டார், அதன் இரு பக்கமும் பிளைவீல், அங்கிருந்து இரு முனைக்கும் சுழல்தண்டு, கீழே கனமான வார்ப்பு உலோகச் சட்டம். இரண்டு முனைகளும் இழுக்கும். மின்சாரமும் இரண்டிலிருந்தும் வரும். இந்தச் சேஸிஸை பிரிட்டிஷ் கூட்டுக்கு அடியில் பொருத்த முடியுமா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

முடியும் என்றது கணக்கு. அமெரிக்க மாதிரியில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் மாதிரியில் 4 மில்லிமீட்டர். இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒரே தண்டவாளத்தில். பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை என்பதால் அந்நாட்டு நிஜ இன்ஜின்களும் ஒடுக்கமானவை. 3.5 மில்லிமீட்டர் கணக்கில் சிறிதாக்கினால், இந்த அளவுமுறை உருவான காலத்து மோட்டார் உள்ளே நுழையாது. ஆகவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் பெரிதாக்கினார்கள். அந்தச் சமரசம்தான் டீசல் பிரியர்களுக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவின் ஆல்கோ பிஏ இன்ஜினின் மூன்று அச்சுச் சட்டத்தில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே 15 அடி 6 அங்குலம், மாதிரியில் 54.25 மில்லிமீட்டர். பிரிட்டனின் கிளாஸ் 37 இன்ஜினில் அதே தூரம் 13 அடி 6 அங்குலம். மாதிரியில் 54 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான்!

மீதி வேலை கையில் இருந்தது. அமெரிக்காவின் 40 அங்குலச் சக்கரம் மாதிரியில் 12 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கிளாஸ் 37-க்கு 15 வேண்டும். சக்கரத்தை மாற்றினால் உயரம் கூடும், கூட்டை இறக்கி உட்கார வைக்க வேண்டும். நீளம் பொருந்தாவிட்டால் வார்ப்புச் சட்டத்தை ஆக்சா பிளேடால் அறுத்து, இடைவெளி விட்டு, பித்தளைப் பட்டை வைத்து இணைக்க வேண்டும். அமெரிக்கப் பக்கத் தகடுகளை எடுத்துவிட்டு, பழைய பிரிட்டிஷ் மாதிரியின் தகடுகளை ஒட்ட வேண்டும்.

அளக்காமல் நம்பினால் ஏமாற்றம்தான். 1986-இல் பிரிட்டனுக்கு வந்த கிளாஸ் 59, இல்லினாயின் லா கிரேஞ்சில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டியது. அதன் சக்கரச் சட்டம் அமெரிக்க எஸ்டி40-2 இன்ஜினின் வழி வந்தது, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே 13 அடி 7 அங்குலம். அப்படியானால் எஸ்டி40-2 மாதிரியின் சேஸிஸ் அப்படியே பொருந்த வேண்டுமே? பொருந்தாது. அது 47.5 மில்லிமீட்டர், தேவையோ 54.3. நிஜத்தில் உறவான இன்ஜின் மாதிரியில் பொருந்தவில்லை. உறவே இல்லாத ஆல்கோ பொருந்தியது.

இன்று நிலைமை வேறு. 2000களின் தொடக்கத்திலிருந்து ஹெல்யான், பாக்மன், ஹார்ன்பி எல்லாருமே நடு மோட்டாரும் பிளைவீலும் இரு முனை இழுப்புமாக பிரிட்டிஷ் டீசல்களைத் தரத் தொடங்கினார்கள். அன்று அறுத்து ஒட்டி அடைந்த ஓட்டம் இன்று பெட்டியைத் திறந்ததும் கிடைக்கிறது. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு டீகோடர் செருகுமிடம், ஒலிபெருக்கிக்கு இடம், எரியும் விளக்குகள் எல்லாம் தயாராக வருகின்றன. இது முழு மனதோடு வரவேற்க வேண்டிய முன்னேற்றம். கருவியும் பட்டறையும் இல்லாதவரும் இப்போது நல்ல ஓட்டத்தை ரசிக்கலாம்.

கைவிட்டுப் போனது அளக்கும் பழக்கம். தன் இன்ஜினின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அறிந்திருந்தவர் அதைத் தானே பழுது பார்த்தார். இன்று கூட்டுக்குள் மின்பலகையும் மெல்லிய கம்பிகளும் நிறைந்திருக்க, பலர் திறக்கவே தயங்குகிறார்கள்.

ஆனால் அந்தக் கலைக்குத் தேவை தீரவில்லை. தொழிற்சாலைகள் தொடாத அபூர்வ இன்ஜின்களின் கூட்டை முப்பரிமாண அச்சில் வீட்டிலேயே எடுக்க முடிகிறது. அதற்கு அடியில் ஓடுவதற்கு ஏதாவது ஒரு சேஸிஸ் வேண்டுமே! பழைய ஏதர்னைத் தேடிப் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. டிஜிட்டலுக்கு மாற்றும்போது, உலோகச் சட்டத்தைத் தொட்டபடி இருக்கும் அதன் மோட்டாரை முதலில் சட்டத்திலிருந்து மின்காப்பால் பிரிக்க வேண்டும் என்பது மட்டும் புதிதாகச் சேர்ந்த பாடம். மற்றபடி அதே அளவுகோல், அதே 3.5-க்கும் 4-க்குமான கணக்கு. கடையில் இருப்பதோடு நிறைவடையாமல், தான் நேசிக்கும் இன்ஜினே ஓட வேண்டும் என்று விரும்புபவர் அந்தக் கணக்கைக் கற்றே ஆக வேண்டும்.