சுகமில்லாமல் வேலையை விடுகிறவருக்கு

அரிசி ஆலைத் தூசியில் ஆண்டுக்கணக்காக நின்றவருக்கு இளைப்பு முற்றிவிட்டால், பாண்டிருப்பில் அவர் ஒருநாள் வேலைக்குப் போகமாட்டார், அத்தோடு சரி. முதலாளி இரங்கிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். "நானாகத்தானே விட்டேன், எதைக் கேட்பது?" என்ற கூச்சம்.

இந்தக் கூச்சம் வேண்டாம் என்கிறோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ கூடுதலாகவோ வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்திசெய்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, கடைசிச் சம்பளத்தில் பாதி, வருடத்துக்கு ஒன்றாக. 40,000 ரூபா சம்பளத்தில் 12 வருடமென்றால் 240,000 ரூபா. 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும்.

எங்கள் சிற்றாலையில் ஏது 15 பேர் என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஊழியர் சேமலாப நிதி ஒரேயொருவர் வேலைசெய்யும் இடத்துக்கும் உரியது: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். வழக்கமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கும் இப்பணத்தை, இனி வேலைசெய்யவே இயலாதவரென வைத்தியர் சான்றளித்தால் முன்னரே பெறலாம். வெறும் இருமலுக்கு எழுதும் துண்டு போதாது.

ஆகவே பேசாமல் நின்றுவிடாதீர்கள். நோயைக் குறிப்பிட்டு, திகதியிட்டு விலகல் கடிதம் கொடுங்கள்; பிரதியொன்றை வீட்டில் வையுங்கள். பணம் வராவிட்டால் அந்தப் பிரதியுடன் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம்.