சானட்டோரியம் ஸ்டேஷனில் ஒரு நாவல்

“கேமரா வைத்து எல்லோரையும் கண்காணிக்கும் கதைதானே?” ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலைப் படிக்காமலே பல வருடங்களாக இப்படித்தான் சொல்லிவந்தேன். போன மாதம்தான், தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில், அதை முதல்முறையாகத் திறந்தேன்.

நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் காலையில் எழுந்ததுமே உடம்பு வளைந்து போகும்படி இருமுகிறான். அந்தப் பக்கத்தில் இருந்தபோது வண்டி தாம்பரம் சானட்டோரியத்தில் நின்றது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது.

ஆர்வெலும் காசநோயாளிதான். 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1948 கடைசியில், ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்கு வந்து தட்டச்சு செய்து தர ஆள் கிடைக்காததால், நோயோடு படுக்கையில் கிடந்தபடி நாவலைத் தானே தட்டச்சு செய்து முடித்தார். அடுத்த மாதமே சானட்டோரியத்தில் சேர்ந்தார். 1949 ஜூன் 8 அன்று புத்தகம் வெளிவந்தபோதும் அங்கேதான் இருந்தார். 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில் இறந்தார்.

மிச்சமிருந்த மூச்சை அவர் எதற்குச் செலவழித்தார்?

வின்ஸ்டனுக்குப் பழைய செய்தித்தாள்களைத் திருத்தும் வேலை. நாட்டை ஆளும் கட்சி சொன்னது நடக்காவிட்டால், சொன்னதையே மாற்றி அச்சடிப்பார்கள். பழைய பிரதி நெருப்புக்குப் போகும். சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைகிறது. மறுநாளே, 20 கிராமாக உயர்த்திக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போகிறார்கள்! சுற்றியிருப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு அளவு குறைந்தால் உடனே தெரியும். அதைக்கூட ஒரே இரவில் மறக்கச் செய்ய முடியும் என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. கேமராவைவிடக் கொடியது இந்த மறதி.

இதை எதிர்த்து வின்ஸ்டன் முதலில் செய்வது ஒரு சின்னக் காரியம். பழைய நோட்டு ஒன்றில் 1984 ஏப்ரல் 4 என்று தேதி போட்டு எழுதத் தொடங்குகிறான். அந்தத் தேதிகூடச் சரிதானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. அவ்வளவு தூரம் அழித்திருக்கிறார்கள்.

நாம் மட்டும் என்ன? 2015 டிசம்பர் வெள்ளத்தில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை? இந்த நாவலை இதுவரை படிக்காதவர்கள் படியுங்கள். படித்து முடித்த அன்றே ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, நீங்கள் கண்ணால் கண்டதை எழுதத் தொடங்குங்கள்.