ஆசிரியர் அறையில் ஒத்துணர்வு: தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் மலாய் ஆசிரியரை முன்வைத்து

பல்லினப் பணியிடங்களில் ஒத்துணர்வைப் பற்றிப் பேசுங்கால், மலேசியத் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் சிறுபான்மையினரின் நிலையில் நின்றே பேசிப் பழகியுள்ளோம். சரவாக் மாநிலத்தில் தீபாவளி பொது விடுமுறையன்று. கோலாலம்பூரில் தைப்பூசம் 2008ஆம் ஆண்டு முதல்தான் பொது விடுமுறையாயிற்று. இவற்றை நாம் நன்கறிவோம். ஆயின், நாம் பெரும்பான்மையினராய் அமையும் பணியிடமும் ஒன்று உண்டு. அது தமிழ்ப்பள்ளியாகும். 500க்கும் மேற்பட்ட அப்பள்ளிகள் சிலவற்றில், மலாய்மொழி கற்பிக்க வந்த மலாய் ஆசிரியர்கள் ஓரிருவராய்ப் பணியாற்றி வருகின்றனர். அவர்களுக்கு நாம் எத்தகைய துணையாய் இருக்கிறோம் என்பதே இங்கு எழும் வினா.

திருக்குறளில் கண்ணோட்டம் என்னும் 58ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. அருளுடைமை துறவறவியலில் இடம்பெற, கண்ணோட்டமோ பொறுப்பு வகிப்போர்க்குரிய பண்பாகக் கொள்ளப்பட்டுள்ளது. தம்மொடு பழகியவர் சொல்லை மறுக்க இயலாமையே கண்ணோட்டம் எனப் பரிமேலழகர் கருத்துரைப்பார். அவ்வாறாயின் பழக்கம் முந்தியது; கண்ணோட்டம் அதன்பின் வருவது. மொழியால் பழக்கமே தடைப்படும் இடத்தில் என் செய்வது?

ஆசிரியர் கூட்டம் மலாயில் தொடங்கும். கால் மணி நேரத்தில் தமிழுக்கு மாறும். நகைச்சுவை எழுந்ததும் அனைவரும் சிரிப்பர். ஒருவர் மட்டும் புன்னகையோடு அமர்ந்திருப்பார். இதில் எவர்க்கும் தீய எண்ணம் இல்லை. தாய்மொழியில் பேசும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழ் ஒலிப்பதே முறை. ஆயினும், அருகில் அமர்ந்தவர் இரண்டு வாக்கியங்களில் செய்தியை மலாயில் சொல்லிவிட்டால், மறுநாள் பணிக்கு எவ்வளவு நேரத்திற்கு வரவேண்டும் என்பதை அவர் பிறரிடம் கேட்டுத் திரிய நேராது.

நோன்பு மாதத்தை எடுத்துக்கொள்வோம். இஸ்லாமியச் சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது. ஆகவே அம்மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னகர்கிறது. சென்ற ஆண்டின் நினைவைக் கொண்டு திட்டமிட்டால், விளையாட்டுப் போட்டியும் மாலை நேரக் கூட்டமும் நோன்பு நாள்களில் வந்து விழும். அதன்பின் நேரத்தை மாற்றித் தருமாறு அவரே வாய்திறந்து கேட்க வேண்டியதாகிறது. புதிதாய் வந்த ஓர் ஆசிரியை கேட்கத் தயங்குவார். ஆண்டுத் திட்டம் வரையும்போதே நாள்காட்டியைப் பார்த்துக் கொள்பவர் அத்தயக்கத்திற்கே இடமின்றிச் செய்கிறார். விருந்தும் அவ்வாறே. பொங்கல் விருந்து சைவம்தானே என்று நாம் எண்ணுவோம். சமைத்த பாத்திரம் குறித்தும் அவருக்கு ஐயம் இருக்கலாம். ஒரு வாரம் முன்னரே தனியே கேட்டறிவது எளிது. பலர் முன்னிலையில், ‘ஏன் சாப்பிடவில்லை?’ என வினவுவது அன்பாயினும் சங்கடமே தரும். இதில் மலாய் ஆசிரியர்கள் அனைவரும் ஒரே போக்கினர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. தமிழர் எல்லாரும் இந்துக்கள் என எண்ணித் தமிழ் முஸ்லிம் அன்பரிடம் பிறர் தீபாவளி பற்றி விசாரிப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

இவையெல்லாம் ஓரளவு எளியவை. கடினமானது வேறு. அவருக்கு விளங்காது என்னும் துணிவில், அவருடைய இனத்தைப் பற்றித் தமிழில் ஏதேனும் சொல்லப்படும் தருணங்கள் உண்டு. (சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் இருந்தவருக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தமிழ் விளங்கும் என்பது வேறு செய்தி.) அந்நேரத்தில் துணைநிற்க வேண்டியவர் மூத்த தமிழாசிரியரே. ‘இப்பேச்சு இங்கு வேண்டாம்’ என்று தம்மவரிடம், தமிழிலேயே அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அன்று தேநீர் வேளையில் அவரோடு சிலர் முகங்கொடுத்துப் பேசாதிருக்கக் கூடும். அவர் தடுத்துப் பேசியது அந்த மலாய் ஆசிரியருக்குத் தெரியவராமலும் போகலாம்.