கணினித் திருட்டும் கடைக் கணக்கும்

கணினித் திருட்டு பெரிய கம்பெனிகளின் கவலை, மயிலாடிக் கடைவீதிக்கு அதில் என்ன என்று சிலர் கேட்கலாம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரியில் நேர்ந்ததை வணிகப் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

வெளிநாட்டுப் பண உத்தரவுகள் செல்லும் 'ஸ்விஃப்ட்' முறைக்குள் திருடர்கள் புகுந்து, சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று பொய் உத்தரவுகளை அனுப்பினர். ஒன்று நியூயார்க் வழியாகத் துபாய்க்கு, மற்றொன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு, மூன்றாவது சீனாவுக்கு. ஒப்புகைச் சீட்டு அச்சாகாதபடி பிரிண்டரையும் முடக்கியிருந்தனர். கெட்டிக்காரத்தனம்தான்! மறுநாள் கணக்கை ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. துபாய்க்கான 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது.

சுவீடனில் 2021 ஜூலையில் பில் இயந்திரங்கள் முடங்கி, 'கூப்' நிறுவனத்தின் சுமார் 800 மளிகைக் கடைகள் மூடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய விதி, உணவுப்பொருள் மொத்த வணிகத்தையும் (சிறு நிறுவனங்கள் நீங்கலாக) சேர்த்து, பெரிய தாக்குதலை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது.

நமக்கும் நேரமே முக்கியம். ஒலிப்பெட்டி சொன்னது போதும் என்றிராமல், இரவில் கல்லாவோடு வங்கி வரவையும் சரிபார்க்க வேண்டும். கியூ.ஆர். அட்டைமேல் வேறு அட்டை ஒட்டப்பட்டிருந்தால் அன்றே தெரிந்துவிடும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, கேட்பவன் திருடன். பணம் போனால் உடனே 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்கவும். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டமே.