இரு செவிகளும் ஐந்து ஒலிபெருக்கிகளும்

இயற்கை நமக்கு இரு செவிகளை அளித்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. வலப்புறம் எழும் ஓசை வலச் செவியை முதலிலும், இடச் செவியைச் சற்றுப் பின்னரும் அடைகிறது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இக்கால வேறுபாட்டைக் கொண்டும் மூளை ஒலியின் திசையை அறிகிறது.

தொலைக்காட்சியின் கீழ் வைக்கப்படும் சவுண்ட் பார் ஒரே பெட்டியாகும். ஒரு மீட்டர் நீளமுள்ள அதனை 3 மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்டால், இரு முனைகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 19 பாகையே. சில வகைகள் ஒலியைச் சுவரில் மோதித் திரும்பச் செய்கின்றன. அதன் பயன் அறையின் அமைப்பைப் பொறுத்தது. இரு தனி ஒலிபெருக்கிகளைக் கேட்பவரோடு சமபக்க முக்கோணமாக அமைத்தாலோ கோணம் 60 பாகையாக விரியும். இவ்விரிவைத் தருவது வாட் எண்ணிக்கையன்று, இடைவெளியே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டுவதில்லை. முதலில் ஏ.வி. ரிசீவரும் முன் ஒலிபெருக்கிகள் இரண்டும் போதும். உரையாடல் அவ்விரண்டின் நடுவிலிருந்து எழுவதுபோலவே கேட்கும். அடுத்து நடு ஒலிபெருக்கி, பின்னர்ப் பக்கங்களுக்கு இரண்டு, தாழ்ந்த ஒலிக்குச் சப்வூஃபர் எனச் சேர்க்கலாம். இதுவே 5.1 அமைப்பு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதன் திசையைச் செவி எளிதில் உணராது. ஆதலின் சப்வூஃபரை வசதியான இடத்தில் வைக்கலாம்.

இடைவெளிக்கு வழியில்லாத சிற்றறைக்குச் சவுண்ட் பாரே போதும். ஆகவே, விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அளவுநாடாவைக் கையில் எடுப்பதே அறிவுடைமையாகும்.