கால் சுட்ட கறுப்பு மணல்!

இராஜாக்கமங்கலம் துறை. உச்சி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நாலடி வைத்தேன்... ஐயோ! கறுப்பு மணல் தோசைக்கல்லாய்ச் சுட்டது.

“என்ன தம்பி, பொசுக்குதா? எல்லாவனுக்கும் இந்த மண்ணு மேலதான் கண்ணு!” என்று சிரித்தார் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர்.

வாஸ்தவம்தான். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தாரே... அன்று விழுந்த கண்! அப்போது கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம். இப்போது மின்சார வாகனக் காந்தத்துக்கு நியோடிமியம். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்கள், காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் உலகமே ஆடிப்போனது.

இங்கிருந்து மேற்கே மணவாளக்குறிச்சியில், மணலைப் பிரித்தெடுக்கிறது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை. கிள்ளியூர் வட்டத்தில் இன்னும் 1,144 ஹெக்டேரில் தோண்டத் திட்டம். எதிர்ப்பு கிளம்பி, 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இத்தகைய சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்றுவிட்டது!

ஆனால் பங்குனி ஆமை முட்டையிடுவது மணலில்தான். பொங்கிவரும் கடலுக்கும் குடிசைக்கும் நடுவே நிற்பதும் மணல்மேடுதான்.

“எடுக்கவே கூடாதுன்னு சொல்லல்ல தம்பி. மேட்டைத் தொடப்பிடாது. தோண்டுன குழியை மூடணும். அதுக்கு முந்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா?”

நியாயம்தானே? பெண் பார்க்கப் போனால்கூடப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கிறோம்!

தலையாட்டினேன். சட்டைப்பையில் செல்போன் ‘விர்ர்’ என்று அதிர்ந்தது. அதற்குள்ளும் நியோடிமியம்!