அதிமதுரம் வயிற்றைக் காக்குமா?

வயிற்றின் உட்சுவரை வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. வயிற்றின் அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு. செறிவான மது அந்தப் படலத்தைக் கலைத்து, செல்களைக் கொன்று, நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது.

எலிக்குத் தூய எத்தனால் புகட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றில் ரத்தக் கோடுகள் தெரியும். புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால் இந்தச் சேதம் பெருமளவு தடுக்கப்படுகிறது என்று 1979இல் காட்டினார் ஆய்வாளர் ஆந்த்ரே ராபர்ட். அதன்பின் எத்தனையோ மூலிகைகள் இதே எலிச் சோதனைக்கு வந்தன. மஞ்சளின் குர்குமினும் மிளகாயின் கேப்சைசினும் தேறின. ஆனால் எலி தேறினால் மனிதனும் தேறுவான் என்பதில்லை.

மனிதர்களிடம் உண்மையில் பயன்பட்டது அதிமதுரம். நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் 1946இல் அதை வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். சிலருக்கு உடல் வீங்கியது. அதிலுள்ள கிளிசிரெட்டினிக் அமிலத்திலிருந்து 1960களில் பிரிட்டனில் உருவான கார்பெனாக்சலோன் என்ற மருந்து, புண்ணை ஆற்றியது. கூடவே ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து வந்ததும் கார்பெனாக்சலோனின் மவுசு போயிற்று.

அதிமதுரமும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடர்ந்து சாப்பிட வேண்டாம். மது குடித்தபின் ரத்த வாந்தியோ கருநிற மலமோ கண்டால், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.